ரிப்போட் காட்டப் போனாலும் முழுக் காசா?

கற்பிட்டியிலிருந்து புத்தளம் டவுனுக்கு பஸ்ஸில வாற எங்கட உம்மாமார் கையில ஒரு ஷொப்பிங் பேக் இருக்கும். உள்ளுக்கு பழைய துண்டு, ரிப்போட், ஸ்கேன் எல்லாம். எங்களில ஒருவரின் உம்மா சீனி வருத்தத்துக்கு ஒரு தனியார் இடத்தில சனல் பண்ணினார். டொக்டர் இரத்தம் சோதிச்சிட்டு வரச் சொன்னார். அடுத்த கிழமை ரிப்போட்டோட போனா திரும்ப நம்பர், திரும்ப முழுக் காசு. உள்ளே இருந்தது இரண்டு நிமிஷம். "போன கிழமையும் கட்டினேனே மகன்" என்டு கவுண்டர்ல கேட்டதுக்கு, "எல்லாருக்கும் ஒரே சார்ஜ்தான் உம்மா" என்டாங்க.

அமெரிக்காவில இதுக்கு எழுதி வைத்த விதி இருக்கு. அந்த டொக்டரை, அல்லது அதே குழுவில் அதே துறையில் உள்ள இன்னொருவரை, கடந்த 3 வருஷத்துக்குள் கண்டிருந்தால் நீங்க பழைய நோயாளி. இல்லாட்டி புதியவர். பில்லில் போடும் குறியீடே வேற: புதியவருக்கு 99202 முதல் 99205 வரை, பழையவருக்கு 99211 முதல் 99215 வரை. புதியவருக்குக் கட்டணம் பொதுவாகக் கூட. முதல் நாள் வருத்தத்தின் கதையை அடியிலிருந்து கேட்க வேண்டும். அடுத்த முறை அந்த வேலை பாதி முடிஞ்சு போச்சு.

அந்த நாட்டு மருத்துவச் செலவு எங்களுக்கு முன்மாதிரி இல்ல. ஆனா விதி எழுத்தில் இருந்தா, பில்லைக் காட்டி "நான் புது ஆள் இல்ல" என்டு வாதாடலாம். இங்க எதைக் காட்டி வாதாடுறது?

அரச ஆஸ்பத்திரி கிளினிக் இலவசம். கொப்பியும் இருக்கு; போன முறை தந்த மருந்து அதில் இருக்கும். பிறகு ஏன் தனியாருக்குப் போறீங்க என்டு கேட்பாங்க. உப்பளத்தில வேலை செய்றவருக்கு, கருவாடு காயப்போடுறவருக்கு, கிளினிக் வரிசையில் போற நாள் கூலி இல்லாத நாள். அந்தக் கணக்குத்தான்.

டொக்டர்மார் பக்கமும் நியாயம் இருக்கு. தூர ஊரிலிருந்து வாறாங்க. இரண்டாம் முறை புது வருத்தம் சொன்னா நேரம் போகும். அதுக்குக் காசு எடுக்கட்டும். தாங்களே எழுதித் தந்த டெஸ்டின் முடிவைப் பார்க்கிறது முதல் சந்திப்பின் மிச்சம். அதுக்கு இன்னொரு முழுக் கட்டணம் எடுக்கிறது சரியில்ல என்பதுதான் எங்கட நிலைப்பாடு.

2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்து கண்காணிக்க ஒரு சபை இருக்கு. நாங்க கேட்பது மூன்றே மூன்று. ரிப்போட் காட்ட எத்தனை நாள் அவகாசம், அதுக்குக் கட்டணம் உண்டா இல்லையா என்டு கவுண்டரில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்ட வேண்டும். டொக்டரின் காசும் ஆஸ்பத்திரியின் காசும் பில்லில் தனித்தனியா இருக்க வேண்டும். திரும்பி வாற ஆளுக்குக் குறைந்த கட்டணம் வேண்டும்.

அதுவரைக்கும், சனல் பண்ணும்போதே "ரிப்போட் காட்ட வந்தா எவ்வளவு?" என்டு கேளுங்க. உம்மா தனியப் போறான்னா நீங்க கூடப் போய்க் கேளுங்க. பத்துப் பேர் கேட்டா பதினோராவது ஆளுக்கு ஒரு பதிலாவது தயாரா இருக்கும்.