எந்தக் கார் முந்தும்?

கார் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி என்ன?

"விலை என்ன?" என்பது.

இரண்டாவது கேள்வி?

"லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பது.

இப்பொழுது மூன்றாவது கேள்வி ஒன்றும் சேர்ந்துவிட்டது. "நின்ற இடத்தில் இருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் எட்டும்?" என்று கேட்கிறார்கள். இதைக் கேட்பவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை. பணம் கொடுப்பவர் அப்பா. பக்கத்தில் நிற்கும் அம்மாவோ, "பத்திரமான வண்டிதானா?" என்று மெல்லக் கேட்பார்.

மூவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் அம்மாவின் கேள்வியே தலையாயது. இது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

ஒரே வட்டாரத்துப் பிள்ளைகள்

எடுத்துக்காட்டாக இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் நம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பிறந்தவை.

ஒன்று, ஹூண்டாய் எக்ஸ்டர். இது இருங்காட்டுக்கோட்டையில் தயாரானது. 1998-ல் சான்ட்ரோ கார் வெளிவந்த அதே ஆலை. எக்ஸ்டர் விற்பனைக்கு வந்தது 2023-ல்.

மற்றொன்று, நிசான் மேக்னைட். இது ஒரகடத்தில் தயாரானது. அந்த ஆலை 2010-ல் தொடங்கியது. மேக்னைட் விற்பனைக்கு வந்தது 2020-ல்.

எக்ஸ்டரின் பெட்ரோல் இயந்திரத்தில் 4 சிலிண்டர்கள். அதன் ஆற்றல் 83 குதிரைச் சக்தி.

மேக்னைட்டில் 3 சிலிண்டர்கள். சாதாரண இயந்திரத்தின் ஆற்றல் 72 குதிரைச் சக்தி. அதிலேயே "டர்போ" வைத்த வகையும் உண்டு. அதற்கு 100 குதிரைச் சக்தி!

பழைய அம்பாசிடர் கார் நினைவு இருக்கிறதா? அதன் பெட்ரோல் இயந்திரத்துக்குச் சுமார் 50 குதிரைச் சக்திதான். அதில்தான் ஏழு பேர் ஏறிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார்கள்!

டர்போ என்றால் என்ன?

அடுப்பை ஊதினால் தீ கொழுந்துவிட்டு எரிகிறது அல்லவா? அதே கதைதான்.

இயந்திரத்தில் இருந்து வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரம் காற்றை அழுத்தி இயந்திரத்துக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். சிறிய இயந்திரம் பெரிய இயந்திரத்தைப் போல உழைக்கிறது.

ஆகவே, வேகம் எடுப்பதில் டர்போ மேக்னைட் முதல் இடம். அடுத்து எக்ஸ்டர். சாதாரண மேக்னைட் கடைசி. பிள்ளையின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை.

ஐந்து பேர் ஏறினால்?

கடையில் காரை ஓட்டிப் பார்க்கும்போது வண்டியில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். ஊருக்குப் போகும்போது அப்படியா? அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள், அரிசி மூட்டை, பலகாரத் தூக்கு எல்லாம் ஏறும்!

காரின் எடை சுமார் 1,000 கிலோ. ஒருவர் மட்டும் ஏறினால் 1,065 கிலோ. ஐந்து பேரும் மூட்டையும் ஏறினால் 1,330 கிலோ. எடை கால் பங்கு கூடிவிட்டது. 12 விநாடியில் எட்டிய வேகத்தை எட்ட இப்போது 15 விநாடி ஆகும். ஏ.சி. போட்டால் இன்னும் கொஞ்சம் கூடும்.

ஆகவே கார் வாங்குமுன் குடும்பத்தோடு ஏறி ஓட்டிப் பாருங்கள். ஏ.சி.யைப் போட்டு, ஒரு மேம்பாலத்தில் ஏற்றிப் பாருங்கள். காரின் உண்மையான பலம் அப்போது தெரியும்.

முந்தும்போது நடப்பது

வேகம் எதற்குத் தேவை? முன்னால் போகும் லாரியை முந்துவதற்கு.

நடுவில் தடுப்பு இல்லாத சாலை. லாரி 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதைப் பத்திரமாக முந்த, லாரியைவிட 50 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும்.

நீங்கள் 70 கிலோமீட்டர் வேகத்தில் முந்தினால் 9 விநாடி ஆகும். 80-ல் முந்தினால் 6 விநாடி. இந்த 3 விநாடிதான் பலமுள்ள கார் தரும் லாபம். அது நல்ல லாபமே. மறுக்கவில்லை.

ஆனால் அந்த 6 விநாடியில் உங்கள் கார் 130 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். எதிரே 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரியும் 80 மீட்டருக்கு மேல் நெருங்கியிருக்கும். 200 மீட்டருக்கு மேல் சாலை காலியாக இருந்தால்தான் முந்தலாம். இல்லாவிட்டால் எந்தக் காரும் உங்களைக் காப்பாற்றாது!

பலமான கார் வைத்திருப்பவருக்கு இதுதான் ஆபத்து. "என் வண்டி போய்விடும்" என்ற தைரியத்தில், முந்தக் கூடாத இடத்திலும் முந்தத் தோன்றும்.

நிற்க எவ்வளவு தூரம்?

கார் எவ்வளவு சீக்கிரம் ஓடும் என்று கேட்கிறோம். எவ்வளவு சீக்கிரம் நிற்கும் என்று கேட்கிறோமா?

கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்கவே ஒரு விநாடி போய்விடும். அதன் பிறகுதான் வேகம் குறையும். நல்ல பிரேக், காய்ந்த சாலை என்றே வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் நிற்கச் சுமார் 37 மீட்டர் வேண்டும். 80-ல் 57 மீட்டர். 100-ல் 83 மீட்டர்!

வேகம் இரண்டு மடங்கானால், மோதும் வலு நான்கு மடங்கு ஆகிறது.

ஒரகடம் சாலையை மாலை நேரத்தில் பாருங்கள். ஷிப்ட் முடிந்த தொழிலாளர்கள் பஸ்ஸுக்காகச் சாலையைக் கடக்கிறார்கள். கையில் டிபன் பாக்ஸ். கண்ணில் தூக்கம். நாம் ஓட்டும் காரைச் செய்தவரே அவர்களில் ஒருவராக இருக்கலாம். அவர் செய்த காரே அவர்மீது மோதலாமா?

என் தீர்ப்பு

ஊருக்குள் மட்டும், இரண்டு மூன்று பேர் போக வர என்றால் 72 குதிரைச் சக்தியே போதும். டர்போவுக்குக் கூடுதல் பணம் வேண்டாம். அடிக்கடி குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவர்கள் எக்ஸ்டரையோ, டர்போ மேக்னைட்டையோ பார்க்கலாம்.

எதை வாங்கினாலும் பின் இருக்கையில் இருப்பவர்களும் பெல்ட் போடட்டும். அது சட்டம். தவறினால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தைவிட உயிர் பெரிது.

எந்தக் கார் முந்தும் என்று பிள்ளை கேட்கட்டும். பதில் சொல்லுங்கள். ஆனால் சாவியைக் கொடுக்கும்போது அம்மாவின் கேள்வியையும் சேர்த்துக் கொடுங்கள்.

முந்திப் போனவரைச் சாலையில் யாரும் நினைவு வைப்பதில்லை. பத்திரமாக வந்து சேர்கிறவருக்காக வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.