ஏலத்தில் வந்த புல்லட்

எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே ஒரு குண்டைப் போட்டான்.

"சார், அமெரிக்காவுல போலீஸ்காரங்க பழைய பிஸ்டலைக் கடையில போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கிறாங்களாம். அந்தப் பழசு பாதி விலைக்குக் கிடைக்குதாம். நம்ம ஊர்லயும் ஏலம் விடுவாங்களா?"

"எதுக்குப்பா உனக்கு?"

"சும்மா... ஒரு கெத்துக்குத்தான் சார்!"

டப்பாவில் தயிர்சாதம், நார்த்தங்காய். இவனுக்குக் கெத்து!

அவன் சொன்னது நிஜம்தான். அங்கேயும் வாங்குகிறவன் பின்னணியைக் கடைக்காரர் விசாரித்தாக வேண்டும். ஆனாலும் போலீஸ் கழித்த துப்பாக்கி கடைக்கு வருகிறது. நம்மூரில் அந்தப் பேச்சே இல்லை. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் இருக்கிறது. போலீஸ் இடுப்பில் தொங்குகிற 9 எம்.எம். ரகம் பொதுஜனத்துக்கே தடை. அவர்கள் தோளில் தூக்கிய .303 ரைஃபிளும் அப்படித்தான். உத்தரப்பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தில் அந்த .303-க்கு வழியனுப்பு விழாவே நடத்தியது. அதைப் பார்த்துவிட்டு யாராவது பையை எடுத்துக்கொண்டு ஏலத்துக்குப் போயிருந்தால் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பார். லைசென்ஸ் வாங்கி .32 ரிவால்வர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 'உயிருக்கு என்ன ஆபத்து?' என்று கேட்பார்கள். 'கெத்து' என்று எழுத முடியாது. தேர்தல் வந்தால் அதையும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

ஆனாலும் போலீஸ் ஏலத்தில் நான் ஒரு துப்பாக்கிக் குடும்பத்து வாரிசையே எடுத்திருக்கிறேன். 1997-ல். அதன் பெயர் புல்லட்!

சிரிக்காதீர்கள். இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்ற ஊரில் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அதற்கு உதிரி பாகம் செய்து கொடுத்த ரெட்டிச் ஊர் சைக்கிள் கம்பெனிதான் 'ராயல் என்ஃபீல்டு' ஆனது. அதன் சின்னமே பீரங்கி. 'துப்பாக்கியைப் போலச் செய்தது' என்றுதான் விளம்பரம். 1955-ல் மெட்ராஸ்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூர்ப் பக்கம் தொழிற்சாலை வந்ததும் ராணுவமும் போலீஸும் வண்டி கேட்டதால்தான்.

எந்த ஊர் ஆயுதப்படை மைதானத்தில் ஏலம் எடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். அங்கே எனக்குச் சம்பந்தி வீடு இருக்கிறது. முன்பணம் கட்டி, வெயிலில் வரிசையாக நின்ற வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, பளபளவென்று பெயின்ட் அடித்திருந்த ஒன்றின் மேல் கண் வைத்து, கை தூக்கி, 11,200 ரூபாய்க்கு எடுத்தேன். அடுத்தவன் 11,000-த்தோடு நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்தச் சிரிப்பின் அர்த்தம் பிற்பாடுதான் புரிந்தது.

பணம் என்னுடையதில்லை. செல்லூரில் பாதி வீட்டில் தறிச்சத்தம் கேட்ட காலம் அது. அப்பா இன்னொரு தறி போட வைத்திருந்த பணம். "மூணே மாசத்துல திருப்பிருவேன்ப்பா" என்று நச்சரித்து வாங்கியது. வண்டியை வாசலில் நிறுத்தியதும் வெளியே வந்தார். ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தறிக்குழியில் இறங்கிவிட்டார். நான்கு மாசம் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

புல்லட்டை ஸ்டார்ட் செய்வதே அந்தக் காலத்தில் ஒரு சாஸ்திரம். சும்மா உதைத்தால் திருப்பி உதைக்கும். கிக்கரை மெள்ள அமுக்கி, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா பார்த்து, டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து ஒரு துளி தாண்ட விட்டு, அப்புறம் ஒரே மிதி. நானும் கற்றுக்கொண்டேன். கணுக்கால் இரண்டு தடவை வீங்கியது, அவ்வளவுதான். 'தட்... தட்... தட்' என்று ஐம்பதடி ரோட்டில் கிளம்பினால் சைக்கிள்காரர்கள் ஒதுங்கினார்கள். கெத்து!

எல்லாம் பதினைந்து நிமிஷம்தான். அப்புறம் ஒரு இருமல், ஒரு விக்கல், ஆள் அவுட். பத்து நிமிஷம் ஓரமாக நிறுத்தினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பும்.

சிம்மக்கல் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். "சூட்டுல கண்டென்சர் செத்துருதுண்ணே. மாத்திருவோம்" என்றார். மாற்றினார், ஓடியது, காசு கொடுத்தேன். மறுநாள் யானைக்கல் பாலத்தில் நின்றது. அடுத்து பாயிண்ட். சிகரெட் அட்டையைச் செருகி இடைவெளி பார்த்து வைத்தார். (0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டுமாம். அட்டையின் கனம் அவருக்குத்தான் வெளிச்சம்.) ஓடியது, காசு கொடுத்தேன், நின்றது. அப்புறம் காயில். அப்புறம் கார்புரேட்டர். நான்கு மாசத்தில் 2,000 ரூபாய் போயிற்று. ஆபீஸில் என் வண்டிக்கு 'பதினஞ்சு நிமிஷ மாப்பிள்ளை' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

தங்கச்சி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒரு ராத்திரி வலி கண்டு ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆபரேஷன் என்றார்கள். புருஷன் வந்தால் நல்லது, ரத்தம் கொடுக்கவும் ஆள் வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை மேலூரில். அவருக்கு போன் என்றால் எதிர்க்கடையில்தான். மணி பதினொன்றரைக்கு எந்தக் கடை திறந்திருக்கும்?

"பஸ்ஸு பாத்துப் போயிட்டு வந்துர்றேன்ப்பா" என்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "பெறகு அதை எதுக்குடா வாங்குன?"

நான்கு மாசத்துக்கப்புறம் வண்டியைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை. பதில் சொல்ல முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

ஒத்தக்கடை தாண்டியதும் இருமியது, விக்கியது, நின்றது. இருட்டில் யானைமலை சாவகாசமாகப் படுத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் தங்கச்சி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூச்சு முட்ட உதைத்தேன். கிளம்பவில்லை.

"எண்ணெ இருக்காடா?" என்று கேட்டபடி அப்பாவே குனிந்து டாங்க் மூடியைத் திருகினார்.

'புஸ்ஸ்ஸ்' என்றது.

"என்னது, மூச்சு விடுது?"

"பெட்ரோல் டாங்க்கு அப்பிடித்தான்ப்பா..."

"அப்பிடித்தான்னா? வெளிய விடலைடா, உள்ள இழுக்குது. இப்ப மிதி."

ஒரே மிதியில் கிளம்பியது.

பெட்ரோல் இறங்க இறங்க டாங்க்குக்குள் காற்று போக வேண்டும். அதற்காக மூடியில் ஊசிமுனை அளவு ஓட்டை வைத்திருப்பார்கள். ஏலத்தில் பளபளக்கட்டுமே என்று பெயின்ட் அடித்த புண்ணியவான் மூடிக்கும் சேர்த்து அடித்து அதை அடைத்துவிட்டார். காற்று போகாமல் பதினைந்து நிமிஷத்தில் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். கொஞ்ச நேரம் நிறுத்தினால் மூடி இடுக்கு வழியாகக் காற்று கசிந்து போகும், வண்டி ஓடும். சிம்மக்கல் அண்ணன் ஒவ்வொரு தடவையும் முதல் வேலையாக மூடியைத் திறந்து 'பெட்ரோல் இருக்கா' என்று பார்ப்பார். அதிலேயே சரியாகிவிடும். நான்தான் கண்டென்சருக்குக் காசு கொடுத்திருக்கிறேன்!

அப்பா அருணாக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினார். தீப்பெட்டி உரசப் போன என்னை "பெட்ரோலுக்குப் பக்கத்துலயாடா, வெளங்காதவனே" என்று ஒரு அதட்டு அதட்டினார். நிலா வெளிச்சத்தில் மூடியைத் தடவித் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்துக் குத்தினார். அறுந்த இழையைத் தடவியே கண்டுபிடிக்கிற விரல். மேலூர் வரை வண்டி நிற்கவில்லை.

திரும்பும்போது மாப்பிள்ளையோடு மூன்று பேர். ஊர் எல்லையில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். விஷயத்தைச் சொன்னேன். வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "இது எங்க வண்டி மாதிரி இருக்கே?" என்றார். "உங்க வண்டிதான் சார்" என்றேன். "நல்லா ஓடுதா?" என்று கேட்டார் பாருங்கள்! "இப்ப ஓடுது சார்."

விடியக்காலை பெண் குழந்தை. மாப்பிள்ளை ரத்தம் கொடுத்துவிட்டு பெஞ்சில் சாய்ந்திருந்தார். அப்பா அவருக்கு டீ வாங்கப் போகும்போது வண்டியின் சீட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனதைப் பார்த்தேன். தறிப் பணம் மூன்று மாசத்தில் இல்லை, மூன்று வருஷத்தில் திருப்பினேன்.

ஆபீஸ் தம்பிக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்ப புல்லட் ஏலம் எப்ப சார்?" என்கிறான். 2023 ஏப்ரலிலிருந்து 15 வருஷம் தாண்டிய அரசாங்க வண்டிக்குப் பதிவே கிடையாது, உடைப்புக்குத்தான் போகும். மதுவிலக்கில் பிடிபட்ட வண்டிகளை இப்போதும் ஏலம் விடுகிறார்கள். பெயின்ட் ரொம்பப் பளபளத்தால் முதலில் மூடியைப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.

என் புல்லட்டை 2006-ல் திருப்பரங்குன்றத்துக்காரர் ஒருவருக்கு விற்றேன். ஹேண்டில்பாரில் நூலில் கட்டித் தொங்கிய ஊக்கைப் பார்த்துவிட்டு, "இது என்ன சார், திருஷ்டிக்கா?" என்று கேட்டார்.

அப்பா உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்: "அதைக் கழட்டிராதீய தம்பி!"