கையில் வரவேண்டிய காகிதம்

2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிய, மூச்சுத் திணறியவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இப்படிப் படுத்து எழுந்து வீடு திரும்புபவருக்கு மாத்திரை எவ்வளவு முக்கியமோ, டிஸ்சார்ஜ் சம்மரியும் அவ்வளவு முக்கியம். எந்த வாயு, எவ்வளவு நேரம், நுரையீரல் எப்படி என்று அதில் இல்லாவிட்டால், ஆறு மாதம் கழித்து வரும் இருமல் வெறும் சளியாகிவிடும். இழப்பீடு கேட்கவும் ஆதாரம் இராது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தரச் சொல்கிறது 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதி. கேட்காமலே, கட்டிலைவிட்டு இறங்கும்போதே தருவதுதான் முறை. மருந்து வேளையும் மறுபடி வரவேண்டிய நாளும் தமிழில் இருக்கட்டும். வலை இழுப்பவருக்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுபவருக்கும் “காகிதத்துக்கு நாளைக்கு வாங்க” என்றால் ஒருநாள் கூலி போச்சு.