உயரமான புகைபோக்கி எந்தக் கந்தகத்தையும் பிடிப்பதில்லை

சென்ற இதழில் ஓய்வுபெற்ற மின்துறைப் பொறியாளர் ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அனல் மின்நிலையங்களில் கந்தகப் புகையைப் பிடிக்கும் எஃப்.ஜி.டி. கருவி தேவையே இல்லை என்கிறார். 2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கு அளித்தது நாட்டுக்குச் செய்த நன்மையாம். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, புகைபோக்கிகள் போதிய உயரம், நகரக் காற்றில் அந்த வாயு வரம்புக்குள்தான் இருக்கிறது, கருவி வைத்தால் கரன்ட் கட்டணம் ஏறும், கரியமில வாயுவும் கூடும் என்று காரணங்களை அடுக்குகிறார். கணக்குத் தெரிந்த மனிதர். அதனால்தான் கோபம் வருகிறது. கணக்கில் பாதியை மட்டும் எழுதிவிட்டு விடையை அறிவித்திருக்கிறார்.

மீதிப் பாதியைப் போட்டுப் பார்ப்போம். நம் நிலக்கரியில் கந்தகம் பெரும்பாலும் அரை சதவீதத்துக்குள்தான், அது உண்மை. ஆனால் அந்த நிலக்கரியில் சாம்பல் அதிகம், சூடு குறைவு. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் எரிக்க வேண்டியிருக்கிறது. 500 மெகாவாட் அலகு ஒன்று 85 சதவீதத் திறனில் ஓடினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 7,000 டன் உள்ளே போகும். கந்தகம் 0.4 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம், 28 டன். எரியும்போது கந்தகம் தன் எடைக்குச் சமமான ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. ஆக 56 டன் கந்தக டைஆக்சைடு, ஒரே அலகிலிருந்து, ஒரே நாளில். சதவீதத்தைச் சொல்லி டன்னை மறைப்பது பொறியாளருக்கு அழகல்ல.

அடுத்து, நகரக் காற்றில் வரம்புக்குள் இருக்கிறது என்ற வாதம். விலக்கு கேட்பவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

போன பங்குனியில், அனல் நிலையங்கள் நிற்கும் எண்ணூர்ப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அம்மா காலையில் பெருக்கிய திண்ணையை மதியம் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தார். வெள்ளைத் துணி சாம்பல் நிறத்தில் மடிந்தது. “மாடியில வடகம் காயப்போட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு சார்” என்றார். உள்ளே அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்தில், பேத்திக்கு வாங்கிய நெபுலைசர் இருந்தது. மூடியில் தூசி இல்லை. அடிக்கடி எடுக்கிறார்கள்.

அவர் துடைத்தெடுத்தது கண்ணுக்குத் தெரியும் தூசி. அதைப் பிடிக்கத்தான் நிலையங்களில் ஈ.எஸ்.பி. என்ற கருவி இருக்கிறது. கந்தக டைஆக்சைடு வாயு, ஈ.எஸ்.பி.க்குள் அது தடையில்லாமல் புகுந்து வெளியே போய்விடும். காற்றில் மிதக்கும்போது மணிக்கணக்கில், நாள்கணக்கில் அது சல்ஃபேட்டாக மாறுகிறது. யூரியா போட்ட வயலிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் எழும் அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் சல்ஃபேட் ஆகிறது. இதுதான் பி.எம். 2.5 என்று நாம் பயப்படும் நுண்துகளில் ஒரு பெரும் பங்கு. எந்த ஈரத்துணிக்கும் அது அகப்படாது. மூச்சுக்குழாயைத் தாண்டி நுரையீரலின் அடிவரை இறங்கும். மின்நிலையத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போயும் இறங்கும்.

அப்படியிருக்க, வாயுவாக இருக்கும்போது மட்டும் அளந்துவிட்டு, துகளாக மாறியபின் அதை வேறு கணக்கில் எழுதிவிட்டு, வரம்புக்குள் இருக்கிறது என்கிறார் கட்டுரையாளர். நம் தேசியத் தரம் கந்தக டைஆக்சைடுக்கு 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். நம் நகரங்கள் அதில் தேறிவிடுகின்றன. பி.எம். 2.5 வரம்பில் எத்தனை நகரங்கள் தோற்கின்றன என்பதை அவர் ஏன் பக்கத்திலேயே எழுதவில்லை? கந்தகம் காணாமல் போகவில்லை, பெயர் மாறியிருக்கிறது. வேதியியல் படித்த யாருக்கும் இது தெரியும். அவருக்கும் தெரியும்.

உயரமான புகைபோக்கி வாதத்துக்கு ஐம்பது வயது ஆகிறது. பிரிட்டன் தன் புகைபோக்கிகளை உயர்த்தியது. புகை கடல் கடந்து நார்வே, ஸ்வீடன் ஏரிகளில் அமில மழையாக விழுந்தது. கனடாவின் சட்பரியில் 1972இல் 381 மீட்டர் உயரத்துக்கு ஒன்றை எழுப்பினார்கள். ஊருக்குள் காற்று தெளிந்தது, கந்தகம் தொலைவில் போய் இறங்கியது. புகைபோக்கியின் உயரத்தைக் காட்டி மாசுக் கட்டுப்பாட்டிலிருந்து தப்பக் கூடாது என்று அமெரிக்கா 1977லேயே சட்டத்தில் எழுதிவிட்டது. நம் நாட்டிலும் 2015க்கு முன் உயரம்தான் விதி: 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் என்றால் 275 மீட்டர். அது போதாது என்று தெரிந்துதான் அமைச்சகமே 2015 டிசம்பர் 7 அன்று, புகையில் எவ்வளவு கந்தக டைஆக்சைடு இருக்கலாம் என்று முதல்முறையாக வரம்பு கட்டியது. அப்போதும் இதே நிலக்கரிதான், இதே கந்தகம்தான். இப்போது விலக்குப் பெற்ற நிலையங்களுக்கு மீண்டும் உயரம்தான் நிபந்தனை. கட்டுரையாளர் இதை முன்னேற்றம் என்கிறார். பத்து வருடம் பின்னால் போயிருக்கிறோம் என்பதே உண்மை.

கரியமில வாயு கூடும் என்ற வாதத்துக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல்லைக் கொண்டு 56 டன் கந்தக டைஆக்சைடைப் பிடித்தால் சுமார் 39 டன் கரியமில வாயு வெளிவரும். கருவியை ஓட்டச் செலவாகும் மின்சாரத்தையும் சேர்த்து 200 டன் என்றே தாராளமாக வைப்போம். அந்த அலகு நிலக்கரியை எரித்து அன்றைக்கு விடுவது ஏறத்தாழ 10,000 டன். நூற்றுக்கு இரண்டைக் காட்டி நுரையீரலைப் பணயம் வைக்கச் சொல்லும் இந்தக் கரிசனம், புதிய அனல் நிலையங்களுக்கு அனுமதி கொடுக்கும்போது எங்கே போனது? சுண்ணாம்புக்கல் தோண்டுவதால் நிலம் கெடும் என்றும் எழுதியிருக்கிறார். அந்த அலகுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 90 டன். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலை ஒரே நாளில் தின்பது ஆயிரக்கணக்கான டன். பிடித்த கந்தகம் ஜிப்சமாகத்தான் கிடைக்கிறது. அந்தச் சிமென்ட் ஆலைகளுக்கு வேண்டிய பொருள் அது; இன்று வெளிநாட்டிலிருந்தும் வாங்குகிறோம்.

இந்தத் தொழில்நுட்பம் நமக்கு ஒத்துவராது என்ற தொனி கட்டுரை முழுக்க இருக்கிறது. மும்பை டிராம்பேயில் கடல்நீரைக் கொண்டு கந்தகத்தைக் கழுவும் கருவி 1980களிலேயே வந்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் தஹாணு சப்போட்டாத் தோப்புகளுக்குப் பேர் போன ஊர். அங்கே 500 மெகாவாட் நிலையம் வந்தபோது மக்கள் விடாமல் வழக்காடினார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 1996இல் ஓய்வுபெற்ற நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் ஒரு ஆணையம் அமைந்தது. கருவி வைத்தே தீர வேண்டும் என்று அது பிடிவாதமாக நின்றது. 2007இல் கருவி ஓட ஆரம்பித்தது. நிலையம் மூடப்படவும் இல்லை, மும்பை இருட்டில் மூழ்கவும் இல்லை. சீனா நம்மைவிடப் பல மடங்கு நிலக்கரி எரிக்கிறது. 2007க்கும் 2016க்கும் இடையில் அதன் கந்தக உமிழ்வு சுமார் 75 சதவீதம் குறைந்தது; அதே காலத்தில் நம்முடையது ஏறத்தாழ பாதி கூடியது. செயற்கைக்கோள் அளவீட்டில் தெரிந்த உண்மை இது.

இனி கட்டணம். யூனிட்டுக்கு 25 முதல் 30 காசு ஏறும் என்கிறார்கள். அப்படியே எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு 120 ரூபாய். ஏழை வீட்டுக்கு அதுவும் பாரம்தான், மறுக்கவில்லை. அதற்கு மானியம் கொடுக்கலாம், கொடுத்துப் பழகிய மாநிலம் இது. ஆனால் கருவி வைக்காவிட்டால் செலவே இல்லை என்பது பொய். அந்தச் செலவு கரன்ட் பில்லில் வராமல் மருந்துக்கடைச் சீட்டில் வருகிறது. கட்டுபவர், மின்சாரத்தை அதிகம் செலவழிப்பவர் அல்ல. புகைக்குக் கீழே குடியிருப்பவர்.

கட்டுரையாளர் முற்றிலும் விட்டுவிட்ட கதை ஒன்று உண்டு. 2015 விதிக்கு முதல் கெடு இரண்டு வருடம். கெடு முடியும் நேரத்தில் தள்ளிவைத்தார்கள். 2021இல், 2022இல், 2024 டிசம்பரில் என்று மேலும் மூன்று முறை தள்ளிவைத்தார்கள். கடைசியில் சுமார் 78 சதவீத அலகுகளுக்கு, அதாவது கீழே சொல்லும் ‘ஏ’, ‘பி’ பிரிவுகளில் சேராத ‘சி’ பிரிவு முழுவதற்கும், கெடுவே வேண்டாம் என்று விட்டார்கள். காலத்தோடு கருவி வாங்கி வைத்த நிலையங்கள் ஏமாந்தன. இழுத்தடித்தவர்களுக்குப் பரிசு கிடைத்தது. சட்டத்தை மதித்தவனை முட்டாளாக்கும் ஒரு முடிவை நாட்டு நன்மை என்று ஒரு பொறியாளர் எழுதுவது வெட்கக்கேடு.

பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களை ஒட்டிய நிலையங்கள் ‘ஏ’ பிரிவு. அவற்றுக்கு 2027 டிசம்பர் 30 கெடு. காற்றுத் தரத்தில் தவறிய நகரங்களை ஒட்டியவை ‘பி’ பிரிவு. அவற்றுக்குக் கருவி வேண்டுமா என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்து நிபுணர் குழு முடிவு செய்யுமாம். தூத்துக்குடி அந்தத் தவறிய நகரங்களின் பட்டியலில் இருக்கிறது. 1979இல் முதல் அலகு ஓடத் தொடங்கிய அனல் நிலையம் அங்கே துறைமுகத்தை ஒட்டி நிற்கிறது. சுத்தமான காற்றுக்காகப் போராடி அந்த ஊர் கொடுத்த விலை நாடறியும்.

மத்திய அரசு வைக்கும் வரம்பு குறைந்தபட்சம்தான். அதைவிடக் கடுமையான வரம்பை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதிக்கலாம் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. டெல்லியின் தயவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எண்ணூரிலிருந்து தூத்துக்குடி வரை உள்ள நிலையங்களுக்கு 2015 வரம்பைத் தன் உத்தரவாகவே திரும்பக் கொண்டுவர வேண்டும். வாசகர்கள் உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்.