கரிசல் கலைகளுக்கு ஒரே கூரை

உங்கள் வீட்டுப் பூஜையறையில் ஐம்பது, அறுபது வருடப் பழைய சாமி படம் இருந்தால், அதன் அடி ஓரத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சி.கொண்டையராஜு என்றோ டி.எஸ்.சுப்பையா, மு.இராமலிங்கம் என்றோ கையெழுத்து இருக்கலாம். சிலவற்றில் குருவும் சீடரும் சேர்ந்தே கையெழுத்திட்டிருப்பார்கள். எங்கள் கோவில்பட்டியில் எழுதப்பட்டு, சிவகாசியில் அச்சாகி, காலண்டராக ஊர் ஊராகப் போன படம் அது.

நான் இந்த ஊரில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய கடை. பழுது பார்க்க வரும் பழைய படங்களில் பாதிக்கு மேல் கையெழுத்தே இருக்காது. காலண்டரின் அடியில் ஜவுளிக்கடை பெயரோ மளிகைக்கடை பெயரோ அச்சான பட்டை ஒன்று உண்டு. சாமி காலடியில் கடைப்பெயர் எதற்கு என்று அதை வெட்டிவிட்டுச் சட்டம் போடுவதுதான் வழக்கம். கத்தி ஒரு விரற்கடை மேலே ஏறினால் ஓவியரின் பெயரும் குப்பைக்குப் போய்விடும். கோடிக்கணக்கான கண்கள் தினமும் பார்த்துக் கும்பிட்ட படத்தை எழுதியவர் யாரென்று நாட்டுக்குத் தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொண்டையராஜு 1898-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார், ரமணாசிரமத்தில் தங்கினார், அப்புறம் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலையில் சீன் எழுதினார். நாற்பதுகளில் கோவில்பட்டிக்கு வந்து, திருமணம் செய்துகொள்ளாமல், சீடர்களையே குடும்பமாக வைத்துக்கொண்டு 1976 வரை வாழ்ந்தார். அவர் நாடகத்துக்கு சீன் எழுதியவர் என்பதை வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாகக் கடந்து போகிறார்கள். எனக்கு எல்லாமே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. படத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் தூண், தூணில் சுருக்கிக் கட்டிய வெல்வெட் திரை, கீழே இரண்டு படி. பின்னால் ஏரி, ஏரிக்கு அப்பால் நீல மலை. எங்கள் கரிசல் காட்டில் அப்படியொரு ஏரி ஏது? அது நாடகத்தின் காட்டு சீன். தூணும் படியும் தர்பார் சீன். ராஜபார்ட் வந்து நிற்கிற இடத்தில், சபையை நேர்கொண்டு பார்த்தபடி, முகத்தில் மேடை வெளிச்சத்தோடு சாமி நிற்கிறது. மண் தரையில் உட்கார்ந்து விடிய விடிய நாடகம் பார்த்த சனங்களுக்கு அந்தச் சாமி முதல் பார்வையிலேயே பழக்கமான முகமாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

அந்த நாடகத்தின் வேரும் இந்தப் பக்கத்து மண்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் பிறந்த காட்டுநாயக்கன்பட்டி, தூத்துக்குடிக்குப் பக்கம். அவருடைய ‘வள்ளி திருமணம்’ இன்றைக்கும் கோயில் திருவிழாக்களில் நடக்கிறது. ஸ்பெஷல் நாடகம் என்று சொல்லப்படும் இந்த வகையில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்தும், பபூன் இன்னோர் ஊரிலிருந்தும் வந்து இறங்குவார்கள். ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்ததும் வள்ளியும் வேலனும் விடியும்வரை தர்க்கம் பண்ணுவார்கள். பாட்டு அத்தனையும் நெஞ்சில் இருக்கிறது. அந்த ஆர்மோனியக்காரர்களில் பலர் இப்போது முதியவர்கள்.

இசையைச் சொல்லத் தொடங்கினால் இந்தப் பத்தி போதாது. முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்தது எட்டயபுரத்தில். அவர் வழிவந்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் அச்சேறியதும் அங்கேதான். கழுகுமலை முருகனுக்குக் காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் வாழ்ந்தது இருபத்தாறு வருடமே. ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடிய விளாத்திகுளம் சுவாமிகளும், ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போட்டு நாகஸ்வரம் வாசித்த காருகுறிச்சி அருணாசலமும் ஒரே காலத்தவர்கள். காருகுறிச்சியார் குடியிருந்தது எங்கள் ஊர். இடைசெவல் கு.அழகிரிசாமி கதை எழுதியதோடு நிற்காமல் காவடிச்சிந்தையும் பதிப்பித்தார். எழுத்தாளர் கி.ராஜநாராயணன் என்கிற கி.ரா. சங்கீதம் கற்றுக்கொள்ளப் போனது விளாத்திகுளம் சுவாமிகளிடம். எழுத்து, பாட்டு, படம், நாடகம் என்று வேலி போட்டுப் பிரித்துக்கொண்டு இங்கே யாரும் வாழவில்லை.

நாம்தான் இப்போது பிரித்துவைத்திருக்கிறோம். பாரதிக்கும் தீட்சிதருக்கும் எட்டயபுரத்தில் மணிமண்டபம், கி.ரா.வுக்குக் கோவில்பட்டியில் நினைவரங்கம். மூன்றும் வேண்டியவை. ஆனால் சிலையும் புகைப்படமும் வைத்தால் ஒரு மனிதரை நினைவுகூரலாமே தவிர, அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டதைக் காட்ட முடியாது. ஆகவே நான் கேட்பது கோவில்பட்டியில் ஒரே ஒரு கட்டடம். கொண்டையராஜு வழி ஓவியர்களின் மூலப்படங்கள் அச்சகங்களிலும் குடும்பங்களிலும் எங்கெங்கே இருக்கின்றன என்று முதலில் கணக்கெடுக்க வேண்டும். தருகிறவர்களிடம் உரிய விலைக்கு வாங்கலாம், மற்றவர்களிடம் நல்ல நகல் எடுத்துக்கொள்ளலாம். நாடகத் திரைகளுக்கு அவசரம் இன்னும் அதிகம். வஜ்ரம் கலந்த பொடிக்கலரில் எழுதிய சீன் துணியை மடித்துவைத்தால் மடிப்பு மடிப்பாக வெடித்து உதிரும். கூடவே, ஆர்மோனியக்காரர்கள் அறிந்த மெட்டுகள் அத்தனையும் பதிவாக வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து.

சென்னை அருங்காட்சியகத்தில் வைத்தால் நாலு பேர் பார்ப்பார்களே என்கிறார்கள். அங்கே அது வெறும் படமாகத்தான் தொங்கும். இங்கே அதே கட்டடத்துக்குள் ஒரு மேடை போட்டு, மாதம் ஒரு ராத்திரி ‘வள்ளி திருமணம்’ நடத்தினால், சாமிக்குப் பின்னால் ஏன் ஏரி இருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடத் தானாகவே கண்டுகொள்ளும்.

பணத்துக்கு என்ன செய்வது என்பதற்கும் எங்கள் வட்டாரத்திலேயே முன்னுதாரணம் உண்டு. எட்டயபுரத்துப் பாரதி மணிமண்டபம் கல்கி முன்னின்று மக்களிடம் நிதி திரட்டி எழுப்பியது; 1947-இல் திறந்தார்கள். நகராட்சி இடத்தை ஒதுக்கட்டும், கலை பண்பாட்டுத் துறை கணக்கெடுப்பைத் தொடங்கட்டும். தீப்பெட்டி ஆலைக்காரர்களும் கடலைமிட்டாய் வியாபாரிகளும் கேட்டால் கொடுக்கிற மனசுக்காரர்கள்தான். அங்கே வந்து சேருகிற படம் ஒவ்வொன்றுக்கும் தேக்குச் சட்டமும் கண்ணாடியும் என் செலவில் நான் போட்டுத் தருகிறேன்.