பவளப்பாறைக்கும் பட்ஜெட்டில் இடம் வேண்டும்

2004 டிசம்பர் 26 அன்று இலங்கையின் தென்மேற்குக் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலை, பெரலியாவில் ஒரு ரயிலையே புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுமார் 10 மீட்டர் உயரத்துக்கு எழுந்த அலை, ஒன்றரை கிலோமீட்டர் தூரம் ஊருக்குள் புகுந்தது. சில கிலோமீட்டர் தள்ளியுள்ள ஹிக்கடுவையிலோ அலையின் உயரம் 2 முதல் 3 மீட்டர்தான். அது கரையேறியது சுமார் 50 மீட்டர். ஹிக்கடுவையில் பவளப்பாறைகள் காக்கப்பட்டிருந்தன; பெரலியாவில் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டிய முக்கிய வேறுபாடு இதுவே.

வெட்டியவர்களுக்குக் கிடைத்தது சுண்ணாம்புக் கல்லின் விலை. ஊர் இழந்தது தன் அரணை.

இதே கணக்குப் பிழை மன்னார் வளைகுடாவிலும் நடந்தது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. கடப்பாரையால் அவற்றைப் பெயர்த்து, வள்ளங்களில் ஏற்றிக் கரைசேர்த்துச் சுண்ணாம்புக்காக விற்றார்கள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்த பின்பும் இது தொடர்ந்தது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. ஆனாலும் 2005 வாக்கில்தான் வெட்டு ஓய்ந்தது. அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன.

மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் இந்தப் பவளப்பாறைகளில்தான் களவா, ஓரா, சிங்கிறால் எல்லாம் ஒதுங்கி வளர்கின்றன. உலகக் கடற்பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லாத பவளப்பாறைகளை, கடல் உயிரினங்களில் ஏறத்தாழ கால்பங்கு சார்ந்திருக்கின்றன. பார் அழிந்தால் சிறு படகுக்காரர் மீனைத் தேடி இன்னும் தொலைவு போக வேண்டும். டீசல் செலவு ஏறும். வலையில் விழுவது குறையும்.

மெக்சிகோவின் கின்டானா ரோ மாநிலம் இந்த மதிப்பை உணர்ந்து, தன் பவளப்பாறைக்கே காப்பீடு எடுத்தது. 2020இல் டெல்டா புயல் தாக்கியபோது இழப்பீடு கிடைத்தது. பயிற்சி பெற்ற குழுவினர் கடலில் இறங்கி, உடைந்த பவளத் துண்டுகளைப் பொறுக்கி மீண்டும் பாறையில் பொருத்தினார்கள்.

நம்மிடமும் தொடக்கம் உண்டு. அரிப்பில் சுருங்கிப்போன வான் தீவைக் காக்க, தூத்துக்குடிக்கு அருகே கடலுக்கடியில் கான்கிரீட் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. அவை அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. அவற்றின்மீது பவளங்களும் வளர்கின்றன.

கடல் சூடானதால் 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்து மடிந்தன. அந்தச் சூட்டை ஒரு மாநிலம் தனித்துத் தணித்துவிட முடியாது. ஆனால் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் கடலில் விடுவதைத் தடுக்கலாம். பாறைகளில் சிக்கிய வலைகளை அகற்றலாம். தீவுகளை ஒட்டி இழுவை மடி வராமல் கண்காணிக்கலாம். தூண்டில் வளைவுக்கும் தடுப்புச் சுவருக்கும் கோடிக்கணக்கில் செலவிடும் அரசு, உயிருள்ள இந்த அரணின் பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் தனி நிதி ஒதுக்க வேண்டும். கடலோரத் திட்டம் எதற்கு அனுமதி கேட்டாலும், அதனால் பவளப்பாறைக்கு நேரும் இழப்பு ரூபாய்க் கணக்கில் திட்டச் செலவோடு சேர்க்கப்பட வேண்டும்.