மைதானத்தின் பழைய பெயர்



பலெர்மோ அணிக்கு ஆட்டம் என்றால் நம் வீடுகளிலும் இளஞ்சிவப்பும் கறுப்பும் கலந்த சட்டைகள் வெளியே வந்துவிடும். ரென்சோ பார்பெரா மைதானம் நமக்கு அவ்வளவு பழக்கம். அந்த மைதானம் இதற்கு முன் மூன்று பெயர்களில் இருந்தது என்பது தெரியுமா?

1932 ஜனவரி 24 அன்று திறந்தபோது அதன் பெயர் லித்தோரியோ. முசோலினி கட்சியின் சின்னத்திலிருந்து வந்த பெயர் அது. சில ஆண்டுகள் கழித்து மிக்கேலே மர்ரோனே என்று மாற்றினார்கள். மர்ரோனே ஓர் உதைபந்தாட்ட வீரர். ஸ்பெயின் நாட்டின் உள்நாட்டுப் போரில் இறந்தவர். அந்தப் போரில் பிராங்கோவுக்கு உதவ முசோலினி படை அனுப்பியிருந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு மர்ரோனேயின் பெயரும் போய், மைதானம் லா பவோரித்தா ஆனது. 2002இல்தான் இன்றைய பெயர் வந்தது.

ஆட்சி இருந்தவரை ஒருவரின் சாவு அதற்குப் பெருமை. ஆட்சி போனதும் அவர் பெயரும் போயிற்று. இடையில், பந்து உதைத்த ஓர் இளைஞன் இருந்தான்.

புகழ் உள்ளவர்களை உலகம் மறப்பதில்லை. 1934இல் சென்னை டெஸ்ட் போட்டியில் 11 விக்கெட் எடுத்த இங்கிலாந்து வீரர் ஹெட்லி வெரிட்டி, 1943 ஜூலையில் நம் சிசிலியில், கத்தானியாவுக்கு அருகே நடந்த சண்டையில் காயப்பட்டுச் சிறைப்பட்டார். அந்த மாதம் 31ஆம் தேதி கசெர்த்தாவில் இறந்தார். கிரிக்கெட் உலகம் இன்றும் அவரைப் பேசுகிறது.

ஆனால் அமெரிக்காவில் சிறிய ஊர் அணிகளுக்கு பேஸ்போல் ஆடியவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அதே உலகப் போரில் இறந்தார்கள். அவர்களை யார் அறிவார்? பெரிய லீக்கை எட்டிப் பார்த்தவர்களில் இறந்தவர்கள் இருவர். அவர்களில் ஹாரி ஓ'நீல் அங்கே ஆடியது ஒரே ஓர் ஆட்டம். அதிலும் மட்டை பிடிக்கும் முறை அவருக்கு வரவில்லை. 1945இல் இவோ ஜிமா தீவில் உயிரிழந்தார்.

நம் பெற்றோர் பிறந்த ஊர்களிலும் பின்னேரங்களில் பந்து விளையாடிய பெடியன்கள் இருந்தார்கள். போர் வந்தது; சிலர் திரும்பவில்லை. அவர்களின் பெயரில் மைதானம் இல்லை. பல வீடுகளில் படம்கூட இல்லை.

இந்த ஊரில் நவம்பர் 2 அன்று, இறந்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குச் சர்க்கரைப் பொம்மைகளும் பரிசுகளும் வைத்துவிட்டுப் போவதாகச் சொல்வார்கள். அந்த நாளில் அம்மாவிடமோ அப்பாவிடமோ ஒன்று கேளுங்கள்: உங்களோடு விளையாடித் திரும்பி வராதவர் யார்? கோல் காத்தவரா, முன்னால் நின்று அடித்தவரா? சிரிப்புக்காரரா, கோபக்காரரா?

எந்தப் பக்கம் நின்றார் என்ற கேள்வி பிறகு வரட்டும். முதலில் பெயரைக் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.